தீவுக்குப் போகத்தான் டிக்கெட்

2013 மே மாதக் கடைசி. ஊர் மலேசியாவில் இருக்கும் பினாங்குத் தீவு. எனக்கு 19 வயது. அப்பா, அம்மா, அத்தை, தம்பி என்று வீடே கூட இருந்த அந்தப் பயணத்தில்தான் எனக்கு முதன்முதலாகக் காதல் வந்தது. அவனுக்கு 21. விடுமுறை முடிந்ததும் நான் தஞ்சாவூருக்குத் திரும்பினேன். கொஞ்ச காலம் கழித்து அது முடிந்தும் போனது.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது. வயசுக் கோளாறு என்பார்கள். வெளியூர் போன இடத்தில் மனசு அப்படித்தான் அலையும், ஊர் திரும்பினால் சரியாகிவிடும் என்பார்கள். நெருங்கிய தோழி ஒருத்தி 'டூர் லவ்' என்று பெயரே வைத்துவிட்டாள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. கல்யாணமாகி, வேலைக்குப் போய், நாலு விதமான மனிதர்களோடு பழகிய பிறகும் சொல்கிறேன், அது முழுசான காதல். அது ஏன் அங்கே வந்தது, எங்கள் ஊரில் ஏன் வந்திருக்கவே முடியாது என்று நிறைய யோசித்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பினாங்குக்கு ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாவின் தம்பி 1950களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ரஜூலா என்ற கப்பல் அப்போது சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகையில் ஆள் ஏற்றி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை போய்வரும். 1926-இல் கட்டியது, 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். அதற்கு அப்புறம் 'சிதம்பரம்' வந்தது. 1985-இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத ஊர் குறைவு. எங்கள் வீட்டில் சின்னத் தாத்தாவுக்குப் பெயரே 'பினாங்குத் தாத்தா'. துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதி, அங்கேயே குடும்பமாகி, அங்கேயே பாட்டியைப் பறிகொடுத்து, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். 80 வயது நெருங்கிவிட்டது, கண்ணும் தெரியவில்லை, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று போன் வந்துகொண்டே இருந்தது. அப்பா பி.எஃப். கடன் போட்டார். வீட்டில் எல்லாருக்கும் அதுதான் முதல் பாஸ்போர்ட்.

கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து படகில் தீவுக்குப் போனோம். 1985-லேயே 13.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டிவிட்டார்கள். ஆனாலும் படகு நிற்கவில்லை. கீழ்த்தளத்தில் காரும் மோட்டார் சைக்கிளும், மேல்தளத்தில் ஆட்கள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தீவின் பெயர்: புலாவ் ரிமாவ், புலாவ் உண்டான், புலாவ் கப்பாஸ். அப்போது ஆளுக்கு 1 வெள்ளி 20 காசு. ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். தீவுக்குப் போகத்தான் டிக்கெட், திரும்பி வரும்போது கிடையாது என்று தெரிந்ததும் அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. "அதெப்படிங்க, போறதுக்கு மட்டும் காசு?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். அந்தச் சீனப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

படகுத்துறையில் எங்களுக்காக நின்றது அவன்தான். தாத்தாவின் பக்கத்து வீட்டுப் பையன். தாத்தா கண் போனதிலிருந்து அவருடைய பழைய புரோட்டான் சாகா காரை அவன்தான் ஓட்டுவானாம். பல்கலைக்கழகத்தில் நீண்ட விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தான். அத்தையின் பையை வாங்கிக்கொண்டு அவன் பேசிய முதல் வார்த்தை, "பசியாறிட்டீங்களா?" அத்தைக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. காரில் ஏறிப் போகும்போது தெருவெல்லாம் கட்சிக்கொடி. மே 5-ஆம் தேதிதான் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. விளக்குக் கம்பங்களில் ராக்கெட் படம் போட்ட கொடிகள் மழையில் நனைந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் டிரைவர் சீட்டுக்கு நேர்பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் காதும் பின்கழுத்தும் மட்டும்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து நின்றால், திண்ணையில் இருப்பவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மகன்? கேட்காமல் கேட்கிற நாலாவது கேள்வி ஒன்று அதற்கு அடியில் இருக்கும், அது சாதி. பதில் வந்ததும் அவன் எங்கே உட்காரலாம், அவனுக்கு எந்த டம்ளர், வீட்டுப் பெண்பிள்ளைகள் கூடத்தில் இருக்கலாமா உள்ளே போக வேண்டுமா என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். அந்தக் கேள்வியைக் கேட்பதில் எங்கள் அத்தையை மிஞ்ச ஆளில்லை. பினாங்கில் அத்தை எதுவுமே கேட்கவில்லை. 'சித்தப்பா பக்கத்து வீட்டுப் பையன்' என்பதே போதுமாக இருந்தது. மலேசியத் தமிழர்களிடம் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது அங்கேயும் அது தலைகாட்டும் என்று பிறகு அவனே சொன்னான். ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில், அவன் கையால் சாப்பாடு வாங்கித் தின்றுகொண்டு, அதைக் கேட்க அத்தைக்கு வாய் வரவில்லை. எனக்குக் கிடைத்த வெளியின் முதல் அடி அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டார் எல்லாருமே அங்கே வேறு ஆட்களாக இருந்தார்கள். அப்பா அரைக்கால் சட்டை போட்டார். அம்மா காலையில் சமைக்கவில்லை. அவன் ஏழரை மணிக்கே கடைக்குப் போய் ரொட்டி சானாய், நாசி லெமாக் எல்லாம் 'தாப்பாவ்' செய்து கொண்டுவந்து வைத்துவிடுவான், பார்சலுக்கு அங்கே அதுதான் பேச்சு. அம்மா பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதிரே குன்றில் தெரியும் கெக் லோக் சி புத்தர் கோயிலின் ஏழடுக்குக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார். காலை எட்டு மணிக்கு அம்மா உட்கார்ந்திருந்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தஞ்சாவூரில் அந்த நேரத்தில் அம்மா ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் இன்னொரு கையில் தம்பியின் சட்டையுமாக, என்னிடம் எதற்காவது கோபப்பட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கோபம் அம்மாவுடையது என்றுதான் அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வீட்டு வேலையோடு சேர்ந்தது என்று பினாங்கில்தான் புரிந்தது.

அவனை எனக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால் இடத்தையும் நேரத்தையும் சொல்ல முடியும். தாத்தா தினமும் 'தமிழ் நேசன்' வாங்குவார். 1924-இல் தொடங்கிய நாளிதழ், 2019-இல் மூடிவிட்டார்கள். தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாமல் போனதிலிருந்து அவன்தான் படித்துக் காட்டினான். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அதற்கு மேல் எல்லாம் மலாயில் என்பதால், வரிக்குக் கீழே விரலை ஓடவிட்டு மெதுவாகப் படிப்பான். தாத்தா தலைப்புச் செய்தி கேட்க மாட்டார். அவருக்கு முதலில் வேண்டியது மரண அறிவிப்பும் நினைவஞ்சலியும்தான். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் அது பக்கம் பக்கமாக வரும். படம், வயது, மனைவி மக்கள் பெயர், சிலவற்றில் தமிழ்நாட்டுப் பூர்வீக ஊர். "எந்த ஊரு?" என்பார் தாத்தா. அவன் தேடிச் சொல்வான். மாயவரம் பக்கம், திருத்துறைப்பூண்டி பக்கம் என்று வந்தால் தாத்தா நிமிர்ந்து உட்கார்வார். "வயசு?" கணக்குப் போடுவார். எந்த வருஷம் கப்பலில் வந்திருப்பான், துறைமுகத்தில் பார்த்திருப்பேனா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்திருப்பேனா என்று யோசிப்பார். அவ்வளவு நேரமும் அவன் பேசாமல் இருப்பான். தாத்தா "ம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த படத்துக்கு விரல் நகரும். ஒரு தடவைகூட அவசரப்படுத்தி நான் பார்க்கவில்லை. 21 வயதில், விடுமுறையில், செத்துப்போன யாரோ ஒருவரின் வயதை ஒரு கிழவருக்கு இரண்டு முறை நிதானமாகப் படித்துச் சொல்கிற பையன்.

ஒருநாள் 'சிவலோகப் பிராப்தி' என்ற இடத்தில் திக்கினான். பின்னால் நின்றிருந்த நான் சொல்லிக் கொடுத்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் பேசாமல் பேப்பரை எனக்கும் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தான். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு பத்தி படித்தோம். எங்கள் காதலின் தொடக்கம் முழுவதும் மரண அறிவிப்புகள்தான். அதில் எனக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சுற்றிப் பார்த்ததும் உண்டு. பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுன் 2008-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஒரே சாலையில் 1818-இல் கட்டிய ஆங்கிலேயர் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவர் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று வரிசையாக நிற்கும். பக்கத்துத் தெருவிலேயே 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில். இதெல்லாம் பார்த்து அசராத அத்தை, சூலியா தெருவில் சின்னதாக ஒரு நாகூர் தர்காவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் அத்தைக்கு நாகூர் ஆண்டவரிடம் நேர்த்திக்கடன் உண்டு. கடல் தாண்டி வந்தவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அப்பா நாசி கண்டார் கடையில் மூன்று குழம்பையும் ஒன்றாக ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். ஆர்மீனியன் தெருவில், சுவரில் இரண்டு குழந்தைகளை வரைந்து அதோடு நிஜ சைக்கிள் ஒன்றையும் பதித்திருக்கிறார்கள், 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. அங்கே படம் எடுக்கும்போது ஒதுங்கி நின்ற அவனைப் பார்த்து அப்பா, "நீயும் வந்து நில்லுப்பா" என்றார். நானும் அவனும் சேர்ந்திருக்கும் ஒரே படம் அதுதான். எடுத்தது அப்பா.

பாலிக் பூலாவுக்குப் போன நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பினாங்கு என்றதும் எல்லாரும் நினைக்கிற நகரம் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மலையைச் சுற்றி மேற்குப் பக்கம் போனால் வேறு ஊர். ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் தோப்புகள். மே கடைசியிலிருந்து ஜூலை வரை அங்கே டுரியான் காலம். மரத்திலிருந்து பறிக்க மாட்டார்கள். பழுத்ததும் அதுவாக விழும், பெரும்பாலும் ராத்திரியில். சரிவில் உருண்டு போகாமல் இருக்க மரத்துக்கு மரம் வலை கட்டியிருப்பார்கள். விடியற்காலை பொறுக்கியதைச் சில மணி நேரத்துக்குள் தின்றால்தான் ருசி என்று சொல்லி, காலையிலேயே எங்களைக் கிளப்பிவிட்டான். காரின் பின்சீட்டில் நாலு பேர், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை, தம்பி வழியெல்லாம் வாந்தி.

தோட்டக்காரர் வயதான சீனர். ஒரு தகரக் கூரை, அதன் கீழே நீள மரமேஜை, மேஜை நிறைய முள்முள்ளாகப் பழம். வாசனை தாங்காமல் அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பெரியவர் ஒரு பழத்தைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், அடியில் கத்தியின் முனையைக் குத்தி நெம்பினார். தோல் அதன் வரியோடு பிளந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறத்தில் சுளை. 'அங் ஹே' என்ற வகையாம். அப்பா யோசித்துக்கொண்டே நின்றார். அம்மா எடுத்து வாயில் போட்டார்.

நாங்கள் எல்லாரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகச் சப்பி, கொட்டையைத் துப்பி, விரலை நக்கி, அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். "ஏங்க, இன்னொண்ணு வாங்குங்க" என்றார். எனக்கு வேண்டும் என்று அம்மா எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. தீபாவளிப் புடவைக்கே "இருக்கறது போதும்" என்று சொல்கிறவர். அன்றைக்கு மூன்று பழம் உடைத்தார்கள். பாதிக்கு மேல் அம்மாதான் சாப்பிட்டார். உடம்புக்குச் சூடு என்று அத்தை பயமுறுத்த, அதற்கென்றே பக்கத்தில் குவித்து வைத்திருந்த மங்குஸ்தானை அவன் உரித்துக் கொடுத்தான். உரித்த டுரியான் தோலின் குழியில் தண்ணீர் ஊற்றி, அதில் கையைக் கழுவினால் நாற்றம் போய்விடும் என்று காட்டினான். அம்மா தோலுக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டே, "தம்பி, உங்க அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கிட்டுப் போப்பா, நான் குடுக்கறேன்" என்றார். நான் அம்மாவிடமிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தேன். அவனும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அம்மாவின் சந்தோஷம் அவன் முகத்திலும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் குனியவில்லை.

படகு விஷயம் தம்பியால் வந்தது. மதியம் மூன்று மணிக்கு அங்கே மழை வரும், பெரியவர்கள் எல்லாரும் தூங்குவார்கள். தம்பிக்குத் தூக்கம் வராது. படகில் போகலாம் என்று பிடுங்கி எடுப்பான். "நீ கூடப் போயிட்டு வா" என்று அம்மாதான் என்னை அனுப்பினார். வழி காட்ட அவன். பஸ் பிடித்துத் துறைக்குப் போய், காசில்லாமல் பட்டர்வொர்த்துக்கு அக்கரை போவோம். அங்கே இறங்கி, டிக்கெட் எடுத்து, அடுத்த படகில் தீவுக்குத் திரும்புவோம். ஒரு கடவைக்குக் கால் மணி, இருபது நிமிஷம். அந்தக் கால்வாயில் சொறி மீன் நிறைய. ஜெல்லி என்கிறார்களே, அது. வெள்ளையாகத் தண்ணீருக்கடியில் மிதந்து போகும். தம்பி கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு அதை எண்ணிக்கொண்டே வருவான்.

அந்தப் படகில்தான் அவன் சொன்னான். "உன்ன எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்லாம இருக்க முடியல லா." அதுவரை நீங்க, வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். "எனக்கும்" என்றேன். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. கம்பியில் இருந்த என் கைமேல் அவன் கை வந்தது. சூடாக, கொஞ்சம் நடுக்கத்தோடு. "அக்கா, நாப்பது!" என்று தம்பி கத்தினான். கையை எடுக்கவில்லை. பிறகு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு முத்தமும் உண்டு. அதை விரித்து எழுத மாட்டேன், அது எங்கள் இருவருடையது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் எல்லாரும் பினாங்கு மலைக்குப் போனோம். தாத்தாவும் வந்தார். 1923-இல் போட்ட மலை ரயில், 2011-இல்தான் புதுசாக மாற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் நடுவழியில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும், இப்போது ஒரே மூச்சில் மேலே போய்விடுகிறதே என்று தாத்தா ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். உச்சியில் ஒரு முருகன் கோயில், அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். பெரியவர்கள் கோயிலில் உட்கார்ந்துவிட, நாங்கள் இருவரும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றோம். கீழே கடல், பாலம், தெற்கே கட்டிக்கொண்டிருந்த இரண்டாவது பாலம்.

அவன் அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. 1970களில் தொடங்கிய அந்தப் பேட்டையை நம்பித்தான் அந்த ஊரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். தோட்டத்திலிருந்து வெளியே வந்த பெண்கள் நிறையப் பேருக்கு அதுதான் முதல் மாதச் சம்பளம். படிப்புக்கு அரசாங்கக் கடன் வாங்கியிருந்தான், முடித்ததும் அதே பேட்டையில் பொறியாளராகச் சேர்ந்து கடனை அடைக்க வேண்டும், அம்மாவை ராத்திரி ஷிப்டிலிருந்து நிறுத்த வேண்டும். "நீ இங்க வருவியா?" என்று கேட்டான். நான் யோசித்தேன். எம்.ஏ. படிக்க வேண்டும், தம்பி சின்னவன், அப்பாவுக்கு ரத்த அழுத்தம். "தெரியல. வர முடியாதுன்னுதான் தோணுது. நீ அங்க வருவியா?" என்றேன். "அம்மாவ விட்டுட்டு வர முடியாது" என்றான். இருவருமே பொய் சொல்லவில்லை. காத்திருப்பேன், கண்டிப்பாக வருவேன் என்று ஆளுக்கொரு சத்தியம் செய்திருக்கலாம். அந்த நேரத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். செய்யவில்லை. அதன் பிறகு எத்தனையோ பேரிடம் பழகியிருக்கிறேன், அந்த மலை மேல் பேசியதுபோல ஒளிவு மறைவில்லாமல் யாரிடமும் பேசியதாக நினைவில்லை. இதையா வயசுக் கோளாறு என்கிறார்கள்?

ஊர் திரும்பியதும் வீடு பழையபடி ஆனது. அப்பா வேட்டிக்குத் திரும்பினார், அம்மா ஐந்து மணிக்கு எழுந்தார், அத்தை வாசலில் வந்த ஆளிடம் எந்தத் தெரு என்று கேட்டார். எனக்கும் வாரம் ஒருமுறை பிரவுசிங் சென்டரில் முகநூல். ஜூன் மூன்றாவது வாரத்தில் சுமத்ராக் காட்டுத்தீயின் புகை மலாயாவில் பல இடங்களைச் சூழ்ந்தது. சிங்கப்பூரில் மூச்சுவிட முடியவில்லை, தெற்கே மூவாரில் அவசரநிலை அறிவித்தார்கள். பினாங்கில் அவ்வளவு மோசமில்லை, தாத்தாவை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். தாத்தா, அவன் அம்மா, என் தேர்வு, அவன் கடன் இப்படித்தான் எங்கள் கடிதங்கள் இருந்தன. அடுத்த வருஷம் ஒருநாள் நிறைய நேரம் பேசி, இத்தோடு போதும் என்று முடிவு செய்தோம். சண்டை இல்லை. மலை மேல் சொன்ன அதே காரணங்கள்தான். கல்லூரி விடுதியின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாரக்கணக்கில் அழுதேன். ஊர் திரும்பினால் சரியாகிவிடும் என்பவர்கள் யாரும் அந்தக் குளியலறைக்குள் இருந்ததில்லை.

2016-இல் பினாங்குத் தாத்தா இறந்தார். அப்பாவால் போக முடியவில்லை. அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. தமிழ் நேசனில் வந்த மரண அறிவிப்பு. அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். தாத்தாவின் பெயர், வயது, ஆயர் ஈத்தாம் முகவரி, அதன் கீழே பூர்வீகம் என்று எங்கள் ஊர்ப் பெயர், ஒற்றெழுத்துகூடத் தவறாமல். எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்திலேயே தப்பாகத்தான் எழுதுவார்கள். உறவினர் பட்டியலில் அப்பா பெயர், அத்தை பெயர், தம்பி பெயர், என் பெயர். அப்பா அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "நல்ல பையன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டதில்லை.

அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது. என் கணவருக்கு இதெல்லாம் தெரியும், கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், நான் காதலித்தது அவனை மட்டும்தான், ஆனால் அதற்கு இடம் கொடுத்தது என் வீட்டார். நாற்காலியில் உட்கார்ந்த அம்மா, கேள்வி கேட்காத அத்தை, "நீயும் வந்து நில்லுப்பா" என்ற அப்பா. யாரும் தெரிந்து கொடுக்கவில்லை. வேலையும் தெருவும் சொந்தக்காரர்களும் தோளிலிருந்து இறங்கிய சில வாரம், அவர்களும் லேசாக இருந்தார்கள், அந்த லேசில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. இரண்டு பேரை ஒருவரை ஒருவர் பார்க்கவிட்டால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடந்தது. எங்கள் தெருவில் பார்க்கவே விடுவதில்லை.

அத்தை மகள் இந்த வருஷம் குடும்பத்தோடு பினாங்கு போகிறாள். அவள் பெண்ணுக்கு 18 வயது. என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டிருந்தாள். ஜூன் முதல் வாரம் போ, டுரியான் கிடைக்கும், காலையிலேயே பாலிக் பூலாவ் போய்விடு, மலை ரயிலுக்கு வார நாளில் போ, பழைய படகுகள் இப்போது இல்லை, 2023 முதல் புதுப் படகுகள் ஓடுகின்றன, இருந்தாலும் பாலத்தில் போகாமல் படகிலேயே போ என்று நீளமாக எழுதி அனுப்பினேன். கடைசியில், மதியம் நீங்கள் தூங்கும் நேரத்தில் உன் பெண்ணைத் தனியாக வெளியே போய்வர விடு, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போன் அடிக்காதே என்றும் எழுதினேன். மற்றதற்கெல்லாம் நன்றி சொல்லிப் பதில் வந்தது, அந்த ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். நேரிலேயே சொல்லப் போகிறேன்.